ஆறாவது கதவு

ஜூன் 14

அன்புள்ள சுண்டு,

உன்னை நான் வீட்டைவிட்டுத் துரத்திவிட்டேன் என்று எதிர்வீட்டுத் தையல்காரி சொல்லிக்கொண்டிருக்கிறாள். அது தவறு. செத்துப்போன புருஷனின் தங்கையை வெளியே தள்ளிவிட்டு முழு வீட்டையும் நான் ஒருத்தியே ஆளப் போகிறேனாம். நேற்று தைக்கக் கொடுத்ததை வாங்கப் போனவள், அவள் வாசலிலேயே நின்று திருத்தினேன்.

"என் நாத்தனாருக்கு ஐம்பத்தி நாலு வயசு. முப்பது வருஷமா கணக்கு டீச்சர். வேலையில இருக்கற கணக்கு டீச்சர்களுக்குன்னே ஒரு மேல்படிப்பு இருக்கு, அதுக்குப் போயிருக்கா. பள்ளிக்கூடமே ஒரு வருஷம் லீவு குடுத்து அனுப்பியிருக்கு. துரத்துறவ யாராவது வழிக்குச் சாப்பாடு கட்டிக் குடுப்பாளா?"

"அதுக்கில்லம்மா, இந்த வயசுல படிப்பு எதுக்குன்னுதான்..." என்று இழுத்தாள்.

"உன் நாக்குக்கும் கத்தரிக்கோலுக்கும் ஒரே ஆள்தான் சாணை பிடிக்கிறானா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். நீ கையெல்லாம் சாக்பீஸ் தூளோடு நின்று, "அண்ணி, போகட்டுமா?" என்றாய். நான் "போ" என்றேன். கேட்ட கேள்விக்குப் பதில். இதில் துரத்தல் எங்கே வந்தது?

கூடத்துக் கரும்பலகையில் 'அழிக்காதீர்கள்' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறாய். அழிக்கவில்லை. கடைசி நாள் ட்யூஷனில் உன் பிள்ளைகள் இழுத்த கலர்க் கோடுகள் அப்படியே இருக்கின்றன. பலகையைச் சுற்றித்தான் தூசி தட்டுகிறேன்.

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் வயிறு வெளிச் சாப்பாட்டுக்குப் பழகிவிட்டதா என்று எழுது. தொலைபேசி வேண்டாம். அண்ணிக்குப் பாதிதான் காதில் விழுகிறது என்று நீ சொல்வதும் தவறு. நீ பாதிதான் சொல்கிறாய்.

உன் அண்ணி


ஜூன் 29

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். வயிறு சமர்த்தாக இருக்கிறது. உங்கள் முழங்கால் எப்படி? தைலம் மேல்தட்டில் இடது ஓரம் இருக்கிறது.

இங்கே காலையில் பனி ஜன்னல்வரை வந்து நிற்கிறது. எதிரே மரம் இருக்கிறதா, கட்டடம் இருக்கிறதா என்பது வெயில் ஏறிய பிறகுதான் தெரிகிறது. விடுதித் தாழ்வாரம் நீளமோ நீளம். நடந்துகொண்டே இருக்கிறேன், என் அறை வருவதாக இல்லை. இன்னும் ரயிலிலேயே இருக்கிறேனோ என்று சில சமயம் தோன்றுகிறது.

முதல் நாள் ஒரு கூத்து. மணி அடித்ததும் நான்பாட்டுக்கு எழுந்து பலகையை நோக்கி நடந்துவிட்டேன். பார்த்தால் எனக்கு முன்னால் இரண்டு பேர், பின்னால் மூன்று பேர்! பேராசிரியை கதவருகே நின்று, "எல்லாரும் பாடம் நடத்திட்டீங்கன்னா நான் கிளம்பறேன்" என்றார். அன்றைக்கு முழுக்க அவர் பலகையில் ஒரு குறி தவறவிட்டால் போதும், வகுப்பே "மைனஸ், மைனஸ்" என்று கத்தியது. என் அறைத்தோழி கடலோரப் பள்ளி ஒன்றின் ஆசிரியை. தூக்கத்தில் "கடைசி பெஞ்ச், எழுந்திரு!" என்கிறாள். நான் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

ஒவ்வொருவரும் தன் வகுப்பறைக் கணக்கு ஒன்றை எடுத்து, அதைப் பிள்ளைகள் எப்படி யோசித்தார்கள் என்று ஆராய்ந்து காட்ட வேண்டும். அதில் தேறினால்தான் பட்டம். நான் நம் பலகையில் இருக்கும் வீட்டுக் கணக்கை எடுத்திருக்கிறேன். அது நம் வீடுதான், அண்ணி. எல்லாக் கதவையும் ஒரே ஒரு முறை தாண்டி, புறப்பட்ட அறைக்கே திரும்பி வர முடியுமா? இதுதான் கேள்வி. ஓர் அறைக்குள் ஒரு கதவால் நுழைந்தால் வேறொரு கதவால் வெளியேற வேண்டும் அல்லவா? அதனால் ஒவ்வோர் அறைக்கும் கதவுகள் ஜோடி ஜோடியாக இருக்க வேண்டும். வெளியையும் ஓர் அறையாக எண்ண வேண்டும். கூடத்துக்கு நான்கு கதவு, சமையலறைக்கு இரண்டு, வெளிக்கு இரண்டு. உங்கள் அறைக்கும் என் அறைக்கும் மட்டும் ஒற்றைக் கதவு. என் அறையில் புறப்பட்டால் எல்லாக் கதவையும் தாண்டி உங்கள் அறையில் போய் முடியலாம். புறப்பட்ட இடத்துக்குத் திரும்ப முடியாது. இதைப் பிள்ளைகள் எப்படித் தடவித் தடவிக் கண்டுபிடித்தார்கள் என்பது அந்தக் கலர்க் கோடுகளில் இருக்கிறது. அவசரத்தில் நகல் எடுக்காமல் வந்துவிட்டேன். வரைந்து அனுப்புவீர்களா?

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

சுண்டு


ஜூலை 20

அன்புள்ள சுண்டு,

முழங்கால் தன் வேலையைச் செய்கிறது, நான் என் வேலையைச் செய்கிறேன்.

பிரதி இத்துடன். நேர்கோட்டுக்கு அடிமட்டம் வைத்து வரைந்திருக்கிறேன். எங்கள் கான்வென்ட்டில் மதர் கோணல் கோட்டைக் கண்டால் தாளைக் கிழித்துவிடுவார். உள்ளது உள்ளபடி இருக்கிறது.

பிற்பகலில் மேற்கு ஜன்னல் வெளிச்சம் பலகைமேல் விழும்போது அந்தக் கோடுகள் பலகையைவிட்டு ஒரு விரற்கடை முன்னால் வந்து மிதப்பதுபோல் இருக்கின்றன. பார்த்துக்கொண்டே இருந்தால் வீட்டுக்குள் ஆட்கள் நடமாடுவது தெரிகிறது. மஞ்சள் கோட்டுப் பிள்ளை வெளியில் தொடங்கி வெளியிலேயே நின்றுவிட்டது. பச்சை உன் அறையிலிருந்து கூடம் தாண்டி என் அறைக்கு வந்து அகப்பட்டுக்கொண்டது. சிவப்புதான் கெட்டிக்காரி.

சிவப்பின் வழியை நடந்து பார்த்தேன். உன் அறை, கூடம், சமையலறை, பின்கதவு, பக்கத்துச் சந்து, முன்கதவு, மறுபடி கூடம், என் அறை. கடைசியில் பீரோ முன்னால் வந்து நிற்கிறேன். வெயில் தாழ்ந்ததும் தினமும் ஒரு நடை நடக்கிறேன். முழங்காலுக்கு நல்லது. தையல்காரி இப்போது இதைப் பிடித்துக்கொண்டாள். "பின்னால போறாங்க, முன்னால வர்றாங்க, மறுபடியும் பின்னால போறாங்க. பாவம், மூளை பிசகிடுச்சு போல" என்று பால்காரரிடம் சொன்னாளாம். பின்னால் போய் முன்னால் வருகிறேன் என்பது சரி. மற்றது தவறு.

உன் அறையைப் பெருக்கி ஜன்னலைத் திறந்து வைக்கிறேன். பனியில் தலையை மூடிக்கொண்டு போ.

உன் அண்ணி


ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். ஜலதோஷம் ஒன்று வந்து, இருக்கப் பிடிக்காமல் போய்விட்டது. நீங்கள் நலமாக இருப்பதே இங்கே எனக்குப் பாதி பலம்.

என்ன அழகான பிரதி! உறையைப் பிரித்ததும் அறைத்தோழி, "இது கையால வரைஞ்சதா, அச்சடிச்சதா?" என்றாள். "எங்க அண்ணி கை" என்று பெருமையடித்துக்கொண்டேன். அப்படியே பெரிய அட்டையில் ஒட்டிவிட்டேன். 'சரிபார், சரிபார்' என்று முப்பது வருடமாகப் பிள்ளைகளின் உயிரை வாங்கியவள், உங்கள் கை என்பதால் சரிபார்க்கவே இல்லை.

ஒரு கனவு கண்டேன். நம் வீடு தண்ணீருக்குள் இருக்கிறது. பயமாக இல்லை, எல்லாம் மெதுவாக இருக்கிறது. பச்சை வெளிச்சம். நான் கூடத்திலிருந்து உங்கள் அறைக்கு நீந்தி வருகிறேன். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நிமிர்ந்து பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. விழித்தபோது ஜன்னலில் பனி.

அடுத்த மாதத் தொடக்கத்தில் எல்லார் முன்னிலையிலும் பேச வேண்டும். ஆசீர்வாதம் செய்யுங்கள்.

சுண்டு


செப்டம்பர் 6

அண்ணிக்கு,

நான் நலம். நீங்களும் அவ்வாறே என்று நம்புகிறேன்.

அட்டையை மாட்டிவிட்டு, "இந்த வீட்டில் புறப்பட்ட அறைக்குத் திரும்பவே முடியாது" என்று தொடங்கினேன். முன்வரிசையில் ஒரு சின்னப் பையன். ஆசிரியர்தான், என் வயதில் பாதி இருப்பான். எழுந்து வந்து அட்டையில் விரலை வைத்து நடந்தான். என் அறை, கூடம், சமையலறை, பின்கதவு, முன்கதவு, கூடம், உங்கள் அறை. அங்கிருந்து நேரே என் அறை. "அக்கா, போயிட்டு வந்துட்டேனே!" என்றான். அரங்கமே சிரித்தது. பேராசிரியை, "வீட்டுக்காரிக்கே வீட்டுல எத்தனை கதவுன்னு தெரியலையா?" என்றார்.

நான் ஐந்து கதவு போட்டிருந்தேன். நீங்கள் ஆறு போட்டிருக்கிறீர்கள். உங்கள் அறைக்கும் என் அறைக்கும் நடுவே அடிமட்டம் வைத்து ஒரு கோடு. அந்த ஒரு கோட்டில் எல்லாக் கதவும் ஜோடி சேர்ந்துவிட்டது. என் கணக்கு முழுவதும் கவிழ்ந்துவிட்டது. டிசம்பருக்குள் புதிதாக எழுதிக் காட்டாவிட்டால் பட்டம் இல்லை.

ஏன் போட்டீர்கள்? அந்தக் கதவு இல்லை என்பது உங்களுக்குத் தெரியாதா? அண்ணன் இறந்த வருடம், ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து அதைத் தள்ளினேன். அசையவில்லை. அந்தப் பக்கம் பீரோவை வைத்திருந்தீர்கள். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை, இன்றுவரை. ஆனால் அந்தக் கதவை மூடியது நான் இல்லை, அண்ணி.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுண்டு


நவம்பர் 3

அன்புள்ள சுண்டு,

இங்கே எல்லாரும் சுகம். எல்லாரும் என்றால் நானும் கூரையும். கூரை ஒரு மூலையில் ஒழுகியது. ஆள் வைத்துச் சரிசெய்தாயிற்று. தையல்காரிக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். போய்ப் பார்த்தேன். அழத் தொடங்கினால் நிறுத்துவதே இல்லை. பாட்டியின் வாய் வந்திருக்கிறது.

மழை பெய்யும்போது பலகை ஈரம் வாங்குகிறது. கோடுகள் மங்குகின்றன. வாரம் ஒரு முறை, எந்தக் கோடு எந்த நிறமோ அதே நிறத்தில் மேலே இழுத்துவிடுகிறேன். பச்சை சாக்பீஸ் தீர்ந்துபோய்க் கடைக்குப் போனேன். "வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களாம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். இருக்கிறாள் என்றேன்.

நீ கேட்டிருந்தாய். கதவு இருக்கிறது. பீரோவை வைத்து மறைத்தால் கதவு சுவராகிவிடாது. நீ வரைந்ததில் ஒன்று குறைந்தது, இருப்பதைப் போட்டேன். பலகையிலும் வெள்ளை சாக்பீஸால் போட்டிருக்கிறேன். இல்லாததை நான் எழுதியதில்லை. அந்தச் சின்னப் பையன் சொன்னது சரி.

பீரோவை அங்கே வைத்ததற்கு அப்போது ஒரு காரணம் இருந்தது.

அந்தக் கோடு உன்னை எல்லார் முன்னிலையிலும் சிரிப்புக்கு ஆளாக்கிவிட்டது என்பதை அறிவேன். அதை எழுதத் தாளை எடுத்து எடுத்து வைத்ததில்தான் பதில் தாமதம்.

குளிர் கூடியிருக்கும். என் சாம்பல் நிறச் சால்வையைத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். எனக்கு அது உறுத்துகிறது.

உன் அண்ணி


டிசம்பர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

சால்வை உறுத்தவே இல்லை. அதைப் போர்த்திக்கொண்டுதான் பேசினேன். தேறிவிட்டேன்!

உங்கள் கடிதம் வந்தபின் பழையதைக் கிழித்துப்போட்டேன். புதிதாக எழுதினேன். ஒரே வீடு, இரண்டு படம். ஐந்து கதவு உள்ளது ஒன்று, ஆறு உள்ளது ஒன்று. ஒற்றைக் கதவோடு இரண்டு அறைகள் தனித்து நின்றால் வீட்டை இடிக்க வேண்டாம், வேறு எதையும் மாற்ற வேண்டாம், அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு போதும், எங்கே புறப்பட்டாலும் அங்கேயே திரும்பி வரலாம். இதைப் பிள்ளைகள் கையாலேயே கண்டுபிடிக்கும்படி பாடம் செய்திருக்கிறேன். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இந்த ஆறாவது கதவு எப்படித் தோணுச்சு?" என்றார். "எங்க வீட்டுல இருந்துதான் வந்துச்சு" என்றேன்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதீர்கள். அண்ணன் போன அந்த வருடம் நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை. கேட்டதும் இல்லை. எவ்வளவு திடமான மனுஷி என்று ஊரே சொன்னது, நானும் நம்பினேன். இந்தப் பனியில் கண்ணை மூடிப் படுத்திருந்தபோதுதான் தோன்றியது. அந்தப் பீரோ கனமான மரம். அண்ணன் துணிகளை வேறு அதில் அடைத்து வைத்திருந்தீர்கள். அந்தப் பக்கம் என்ன சத்தம் வந்தாலும் என் பக்கம் கேட்டிருக்காது. எனக்கு எதிராக வைத்தது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பதில் சொல்ல வேண்டாம். கணக்கு டீச்சரின் ஊகம்தான்.

இங்கே வேனிலில் வெயில் நேரே முகத்தில் அடிக்குமாம். அறைக்கு நல்ல திரைச்சீலை வாங்க வேண்டும், மழைக்காலத்துக்கும் தாங்குகிற மாதிரி. முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

சுண்டு


ஜனவரி 5

அன்புள்ள சுண்டு,

நலம். நீ தேறியதைத் தையல்காரியிடம் சொன்னேன். இரண்டு முறை.

படிப்பு மே மாதம் முடிகிறது. மழைக்காலத் திரைச்சீலை யாருக்கு?

உன் அண்ணி


மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் சுகமா? நான் சுகம். இரண்டு மாதமாக எழுதாமல் இருந்ததற்கு மன்னியுங்கள். உங்களிடம் எதையும் மறைக்கத் திரைச்சீலை போதாது.

இங்கேயே இருந்து, வரப்போகும் ஆசிரியர்களுக்கு நான் பாடம் நடத்த வேண்டும் என்று கேட்கிறார்கள். ஓய்வு பெறும்வரை வேலை உண்டு. தனி அறை உண்டு. என் ஆறாவது கதவைப் பாடமாக வைக்கப் போகிறார்களாம். முப்பது வருடம் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பாடத்தை நடத்தியவளுக்கு இது கிடைக்குமா? பிடித்திருக்கிறது, அண்ணி. மிகவும் பிடித்திருக்கிறது. ஆனாலும் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஏப்ரல் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

உங்களிடம் ஏன் கேட்கவில்லை தெரியுமா? "ஏற்றுக்கொள்ளட்டுமா?" என்றால் "ஏற்றுக்கொள்" என்பீர்கள். போன வருடம் "போகட்டுமா?" என்றேன், "போ" என்றீர்கள். எட்டு வயதில் உங்களைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தெரியும், நீங்கள் யாரையும் "வா" என்று கூப்பிட மாட்டீர்கள். வந்தால் தட்டு வைப்பீர்கள்.

இரவெல்லாம் கனவில் நம் வீட்டைச் சுற்றுகிறேன். எல்லாக் கதவும் தாண்டியாகிறது. கடைசிக் கதவில் கையை வைக்கும்போது, "கடைசி பெஞ்ச், எழுந்திரு!" என்கிறாள் அறைத்தோழி.

சுண்டு


மார்ச் 22

அன்புள்ள சுண்டு,

என் உடம்பு நன்றாக இருக்கிறது. உன் கனவுகளைக் குறை. இளைத்துப் போவாய்.

நான் யாரையும் "வா" என்று கூப்பிட மாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். அது சரி. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. இனிமேல் வராது. நீ அங்கே பாடம் நடத்துவது நல்லது என்பதும் சரி. உனக்குப் பிடித்திருக்கிறது என்று டிசம்பர் கடிதத்திலேயே எழுதியிருக்கலாம்.

போன வாரம் தச்சரையும் அவர் மகனையும் வரச்சொன்னேன். பீரோவைக் காலிசெய்துவிட்டு நகர்த்தினார்கள். "இத்தனை கனத்தை இங்கே எதுக்கும்மா வச்சீங்க?" என்றார் தச்சர். "தேவைப்பட்டது" என்றேன். உன் அண்ணன் துணிகளைக் கொடுத்துவிட்டேன். அவர் அணியும் கோட் ஒன்று மட்டும் ஆணியில் தொங்குகிறது.

பீரோ நகர்ந்த இடத்தில் கதவு பழைய பச்சை நிறத்திலேயே இருக்கிறது. வெயில் படாததால் வெளுக்கவே இல்லை. பிடிக்குக் கீழே, என் இடுப்பளவில், சின்னக் கை பட்டுப் பட்டுக் கறுத்த ஓர் இடம். இடி இடித்தால் நீ இந்தக் கதவால்தான் ஓடி வருவாய். "பயமில்ல அண்ணி, நீங்க பயந்துக்குவீங்கன்னு வந்தேன்" என்பாய். நான் பயந்ததாகவே வைத்துக்கொண்டேன். கறையைத் துடைக்கத் துணியை நனைத்தேன். பிறகு வேறு இடத்தைத் துடைத்தேன்.

இப்போதும் வெயில் தாழ்ந்ததும் நடக்கிறேன். உன் அறை, கூடம், சமையலறை, பின்கதவு, சந்து, முன்கதவு, கூடம், என் அறை. பீரோ இருந்த இடத்தில் இப்போது கதவு முன்னால் வந்து நிற்கிறேன். அந்த நேரத்தில் கதவின் அடியிலிருந்து உன் ஜன்னல் வெளிச்சம் ஒரு கோடாக வந்து என் கால்மேல் விழுகிறது. சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்புகிறேன்.

தாழ்ப்பாள் உன் பக்கம் போட்டிருக்கிறது. தினமும் உன் அறையைப் பெருக்குகிறேன், கை எட்டும். ஆனால் அது உன் தாழ்ப்பாள். நீ சொல்லாமல் நான் தொடமாட்டேன்.

வேலையை ஏற்பதும் விடுவதும் உன் விருப்பம். அதில் என் அபிப்பிராயம் கேட்காதே. ஏற்றுக்கொண்டாலும் அங்கேயும் விடுமுறை என்று ஒன்று இருக்குமல்லவா? எங்கே புறப்பட்டாலும் திரும்பலாம் என்று நிரூபித்தவள் நீதான், நான் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். மழை வந்துவிட்டால் பலகையில் இருப்பதை மறுபடி இழுக்க வேண்டும். மற்றக் கோடுகள் பிள்ளைகளுடையவை, அவை இருக்கும். நடுவில் உள்ள அந்த வெள்ளைக் கோடு நான் போட்டது. அதை இருக்க விடட்டுமா, அழிக்கட்டுமா?

தொலைபேசி வேண்டாம். எழுத்தில் பதில் போடு.

உன் அண்ணி